அதே வீட்டுக்கு மறுபடியும்

பல குடும்பங்களிடம் ஒரே சமயத்தில் வருமானத்தையும் செலவையும் கேட்டுத் திரட்டுவது குறுக்குவெட்டுத் தரவு எனப்படும். ஒரு பொருளின் விலையை ஆண்டுதோறும் பதிந்து வருவது காலத்தொடர் தரவு எனப்படும். இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, அதே குடும்பங்களிடமே மீண்டும் மீண்டும் சென்று கேட்டுத் திரட்டப்படும்போது அதைப் பொருளாதார அளவையியலார் பேனல் தரவு என்கின்றனர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-இல் தொடங்கிய குடும்ப வருமான ஆய்வு இவ்வகையில் உலகப்புகழ் பெற்றது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனம் 1975-இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஆறு கிராமங்களைத் தேர்ந்து, கிராமத்துக்கு 40 குடும்பங்கள் வீதம், ஆய்வாளர்களை அங்கேயே குடியிருக்கச் செய்து, சில வாரங்களுக்கு ஒருமுறை விசாரித்துப் பதிந்த ஆய்வும் அதற்கு இளைத்ததன்று.

ஒரே வீட்டை இத்தனை முறை தொந்தரவு செய்வதற்கான காரணத்தை யாயிர் முண்ட்லாக் என்ற இஸ்ரேலியப் பொருளியலறிஞர் 1961-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாகக் காணலாம். இஸ்ரேலின் குடும்பப் பண்ணைகளை ஆராய்ந்த அவர், உரமும் உழைப்பும் கூடினால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்ற பழைய கேள்விக்கு விடை தேடுகையில், விவசாயியின் திறமை எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதையும், திறமையுள்ளவரே உரத்தையும் அதிகம் இடுவதால் திறமையின் பலன் உரத்தின் கணக்கில் ஏறிவிடுகிறது என்பதையும் எதிர்கொண்டார். கற்பனையான ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம்: ஒருவர் முதலாண்டில் 2 மூட்டை உரமிட்டு 20 மூட்டை நெல்லும், மறுஆண்டில் 3 மூட்டை உரமிட்டு 21 மூட்டை நெல்லும் எடுக்கிறார், பக்கத்து வயல்காரர் 5 மூட்டைக்கு 35-உம், மறுஆண்டில் 6 மூட்டைக்கு 36-உம் எடுக்கிறார். முதலாண்டை மட்டும் வைத்து இருவரையும் ஒப்பிட்டால் ஒரு மூட்டை உரம் 5 மூட்டை நெல் தருவதாகத் தோன்றும். அவரவரை அவரவரது முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டாலோ ஒரு மூட்டைக்கு ஒரு மூட்டைதான். எஞ்சிய நான்கும் உரத்துக்கு உரியதன்று. கணக்கில் வராத கைப்பக்குவத்துக்கோ மண்வளத்துக்கோ உரியது.

ஒவ்வொருவருடைய அளவீடுகளிலிருந்தும் அவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துவிட்டு, மிஞ்சும் ஏற்ற இறக்கங்களை மட்டும் கொண்டு உறவைக் கணிக்கும் இம்முறைக்கு நிலைத்த விளைவு முறை என்று பெயர். காலத்தால் மாறாதவை யாவும், அவை இன்னவை என்று ஆய்வாளருக்குத் தெரியாமலே, கழித்தலில் அடிபட்டுப் போகின்றன என்பதே இதன் அழகு. வறட்சிபோல் எல்லாரையும் ஒருங்கே தாக்குபவற்றை நீக்க, அந்தந்த ஆண்டின் பொதுச் சராசரியையும் கழிப்பதுண்டு. ஆனால் இந்த வசதி இலவசமாக வருவதில்லை. சாதியும் பிறந்த ஊரும் ஒருவருக்கு மாறுவதில்லையாதலால் அவற்றின் தாக்கத்தை அளக்கவே முடியாமற் போகிறது. விவசாயி ஆண்டுக்காண்டு அனுபவத்தால் தேர்ச்சி பெறுவது போன்ற, மாறிக்கொண்டே வரும் மறைகாரணங்களோ கழிபடாமல் அப்படியே தங்கிவிடுகின்றன. அன்றியும், உரத்தின் அளவை ஞாபகத்திலிருந்து சொல்பவர் அரை மூட்டை தவறிச் சொன்னால், ஆண்டுகளுக்கிடையிலான உண்மை மாற்றமே ஒரு மூட்டையாக இருக்கும் இடத்தில் அந்தத் தவறு சிறியதன்று. இந்த மூன்றாவது குறையை நடைமுறை ஆய்வுகள் எளிதில் மறந்துவிடுகின்றன.

மறைந்திருக்கும் அந்தத் திறமையைத் தற்செயலாக அமைந்த ஒன்றாகவே கருதி, கழிக்காமல் கணிக்கும் சமவாய்ப்பு விளைவு முறையும் உண்டு. சாதி, ஊர் போன்றவற்றையும் அளக்க இடம்தரும் இம்முறை, திறமைக்கும் உரத்துக்கும் தொடர்பே இல்லை என்ற நிபந்தனைமேல் நிற்கிறது. இரண்டு முறைகளின் விடைகளும் பெரிதும் விலகினால் அந்நிபந்தனையை ஐயுற வேண்டும் என்பதே ஜெரி ஹவுஸ்மன் 1978-இல் வகுத்த சோதனையின் சாரம். அதே ஆண்டில் முண்ட்லாக், ஒவ்வொருவரின் உரச் சராசரியையும் தனியொரு மாறியாகச் சமன்பாட்டில் சேர்த்துவிட்டால் இரண்டு முறைகளும் உரத்துக்கு ஒரே விடையைத் தரும் என்று காட்டினார். இத்தனைக்குப் பிறகும் இவ்விரு முறைகளையும் எதிரெதிர்க் கட்சிகளாகவே பாடநூல்கள் பலவும் நிறுத்துவது வியப்புக்குரியது.

விடையைக் கண்டபின் அதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு அளவுகோலான திட்டப் பிழையிலும் ஓர் இடறல் உண்டு. ஒரே குடும்பத்தின் பத்தாண்டுப் பதிவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்குமாதலால் அவற்றைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ணுவது, ஒருவரே பத்து முறை சொன்னதைப் பத்துப் பேர் சொன்னதாகக் கொள்வதற்கு ஒப்பாகும். பெர்ட்ராண்ட், டஃப்லோ, முல்லைநாதன் ஆகிய மூவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாநிலங்களில் இயற்றப்படாத சட்டங்களை இயற்றப்பட்டதாகப் பாவித்துக் கணக்கிட்டபோது, நூற்றுக்கு ஐந்து முறை மட்டுமே தவற வேண்டிய சோதனை, 45 முறை வரை இல்லாத சட்டத்துக்குத் தாக்கம் இருப்பதாகச் சொன்னது. ஒரு குடும்பத்தின் அல்லது மாநிலத்தின் பதிவுகளையெல்லாம் ஒரே கொத்தாகக் கொண்டு திட்டப் பிழையைக் கணிக்கும் வழக்கம் வேரூன்றியதில் இக்கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு.

எந்தச் சமன்பாட்டாலும் முழுமையாகத் தீராத சிக்கல் களத்திலேயே இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் புதுதில்லியின் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் 2004–05-இல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 41,554 குடும்பங்களைச் சந்தித்தது. 2011–12-இல் திரும்பச் சென்றபோது அவற்றுள் ஏறத்தாழ 83 விழுக்காட்டைத்தான் மறுபடியும் பேட்டி காண முடிந்தது. விடுபட்டவர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல் விடுபட்டிருந்தால் பாதகமில்லை; பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்தவர்களே மிகுதியாக விடுபட்டிருந்தால், எஞ்சியோரின் வருமான மாற்றம் ஊரின் மாற்றமாகாது. இதற்கிடையே அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துத் தனிக்குடித்தனம் போயிருந்தால், அவற்றுள் எது பழைய குடும்பம் என்ற கேள்வியும் எழுகிறது. அந்த ஆய்வு, பிரிந்த வீடுகள் அதே ஊரில் இருந்தவரையில் அவற்றையும் தேடிச் சென்று, பழைய குடும்பத்தின் எண்ணோடு இணைத்தே பதிந்தது.