பயணப் பையில் எந்தக் கேமரா?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தமிழ்நாட்டுக்குப் புறப்படும் குடும்பங்கள் ஏராளம். மதுரை மீனாட்சியம்மனைத் தரிசித்து, தஞ்சைப் பெரிய கோயிலைச் சுற்றிப் பார்த்து, தாத்தா பிறந்த ஊரில் உறவினர்களைச் சந்தித்துத் திரும்புவது பலருடைய வழக்கமான பயணம். துணிமணிகளை அடுக்கும்போது வராத குழப்பம் கேமராவை எடுத்து வைக்கும்போது வந்துவிடுகிறது. வீட்டிலுள்ள லென்ஸ்கள் அனைத்தையும் கொண்டுபோவதா? கைத்தொலைபேசி மட்டுமே போதுமா?

முதலில் பட்டியலிட வேண்டியது எடுக்கப்போகும் படங்களை. கருவிகளின் பட்டியலை அதற்குப் பிறகு போடலாம்.

எங்கே அனுமதி, எங்கே தடை?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரியில் தீ விபத்து ஏற்பட்டது. அதையடுத்து, அங்குக் கைத்தொலைபேசி கொண்டுசெல்ல நீதிமன்ற உத்தரவின்பேரில் தடை வந்தது. 2022 டிசம்பரில், தமிழ்நாட்டின் மற்றக் கோயில்களிலும் இத்தடையை நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, தரிசனத்துக்குச் செல்லும் நாளில் கனமான கேமராப் பையைச் சுமந்து செல்வதில் பயனில்லை. ஏறத்தாழ 170 அடி உயரமுள்ள தெற்குக் கோபுரத்தை வெளியே சித்திரை வீதியில் நின்றே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கைத்தொலைபேசியின் அகலக் கோண லென்ஸ் போதும்.

தஞ்சையில் நிலைமை வேறு. இராசராச சோழன் 1010ஆம் ஆண்டு கட்டி முடித்த பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கும் அதிக உயரமுடையது. கருவறைப் பகுதியில் படமெடுக்கக் கூடாது. ஆனால், வெளிப்பிராகாரம் விசாலமானது. பின்னால் நகர்ந்து நின்று முழு விமானத்தையும் படத்துக்குள் கொண்டுவரலாம். கோயில் கிழக்கு நோக்கியிருப்பதால் காலை வெயில் முகப்பில் விழும். முக்காலியை எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள இத்தகைய இடங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி தேவை. டிரோன் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து டிரோன் கொண்டுவர இந்தியா 2022 பிப்ரவரியில் தடை விதித்தது.

இரண்டு லென்ஸ் போதும்

மலிவுக் கட்டண விமானங்கள் பலவற்றில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. 70-200 மில்லிமீட்டர் f/2.8 லென்ஸ் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இத்தகைய பயணத்தில் அதற்கு வேலை குறைவு. கேமராவுடன் வரும் 18-55 போன்ற சாதாரண ஸூம் லென்ஸ் ஒன்றும் 50 மில்லிமீட்டர் f/1.8 லென்ஸ் ஒன்றும் இருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஸூம் லென்ஸ் f/5.6 அளவில் உள்வாங்கும் வெளிச்சத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை f/1.8 லென்ஸ் உள்வாங்கும். ஒற்றை விளக்கு எரியும் கிராமத்து வீட்டுக் கூடத்தில் ஃபிளாஷ் இல்லாமல் முகங்களை எடுக்க இது உதவும்.

பேட்டரியில் கவனம்

தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகச் சிறப்பு அனுமதி தேவைப்படாது. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணிதான். ஆனால், 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்த அனுமதியில்லை. விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் விமான நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்தியாவின் மின்னழுத்தம் 230 வோல்ட். மலேசிய, சிங்கப்பூர் சார்ஜர்கள் அங்கு வேலை செய்யும். ஆனால், அங்குள்ள துளைகள் வட்டமானவை, இங்குள்ள பிளக்கின் கால்கள் தட்டையானவை. எனவே அடாப்டர் ஒன்று தேவை. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் நீராவி படியும். கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்து, வெளிச் சூட்டுக்குப் பழகியபின் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் படம் தேடப்படும்?

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு குடும்பத்தில் எல்லாரும் தேடப்போகும் படம் எது? கோபுரத்தை அடுத்த பயணத்திலும் எடுக்கலாம். தாத்தாவின் தங்கை தொண்ணூறு வயதில் திண்ணையில் அமர்ந்திருக்கும் காட்சி அடுத்த முறை கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அவருடைய படத்துடன், பழைய புகைப்படங்களில் இருப்பவர்களின் பெயர்களை அவர் சொல்வதையும் கைத்தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பெயர்கள் அவருக்கு மட்டுமே தெரிந்தவையாக இருக்கக்கூடும்.

இப்படிப்பட்ட படங்கள் தொலைந்தால் ஈடு கிடையாது. எனவே, பெரிய மெமரி கார்டு ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இரவும் படங்களை வேறொரு சாதனத்தில் நகல் எடுத்து வைப்பது அவசியம். நகலைக் கேமராப் பைக்குள்ளேயே வைத்தால், பை களவு போகும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

பையைத் தயார் செய்ததும் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மலேசியாவில் இருப்பவர்கள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்துமலையின் 272 படிகளை ஏறிப் பார்க்கட்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரம் லிட்டில் இந்தியாவில் நடந்து பார்க்கட்டும். வீடு திரும்பியதும், அன்று கையில் எடுக்காத பொருள்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். அந்த இடத்தில் திண்ணையில் காத்திருக்கும் பாட்டிக்கு ஒரு சேலை வைக்கலாம்.