உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஆள்... நான்கு ஓட்டு!

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு நாம் தேர்ந்தெடுப்பது 234 பேரை. உள்ளாட்சிக்கு? 2019-லும் 2021-லும் ஊரகப் பகுதிகளில் 1,18,978 பதவிகள். 2022-ல் நகர்ப்புறத்தில் 12,838 வார்டுகள். கூட்டிப் பாருங்கள்... 1,31,816!

அதில் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் மட்டும் 99,327. ஒரு லட்சத்துக்கு 673 தான் குறைச்சல்!

கிராமத்து வாக்காளருக்கு ஒரே நாளில் நான்கு ஓட்டு! ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை. மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. ஒரே சாவடியில் இரண்டு வார்டுக்காரர்கள் ஓட்டுப் போட்டால், இன்னொரு வார்டுக்கு நீலம்!

நான்கு சீட்டும் விழுவது ஒரே பெட்டியில். எண்ணுகிற நாளில் பெட்டியைக் கவிழ்த்து, முதலில் கலர் கலராகப் பிரித்தாக வேண்டும். 2020 ஜனவரி 2-ம் தேதி காலை 8 மணிக்குத் தொடங்கிய எண்ணிக்கை, மறுநாளும் ஓடியது!

சீட்டில் குத்துகிறோமே, ஸ்வஸ்திக் முத்திரை. அது ஏன் அந்த வடிவம்? இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். சீட்டை மடித்ததும் ஈர மை எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் ஒரே சீட்டில் இரண்டு முத்திரை! எது குத்தியது, எது ஒட்டியது? ஒட்டிய முத்திரையின் கைகள் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். வட்டமாகவோ பெருக்கல் குறியாகவோ இருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. எத்தனை ஓட்டுகள் செல்லாமல் போயிருக்கும்! காப்பாற்றுவது அந்த நான்கு வளைந்த கைகள்!

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. வார்டு உறுப்பினருக்கும் அப்படித்தான். கட்சிச் சின்னம் எட்டிப் பார்ப்பது ஒன்றியத்தில் இருந்துதான்!

2019-ல் வார்டு உறுப்பினர் பதவிக்கு டெபாசிட் எவ்வளவு தெரியுமா? 200 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு வெறும் 100!

கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சி, 2021 அக்டோபர். 9-வது வார்டு இடைத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட ஓட்டா? இல்லவே இல்லை! அவருக்கும் வீட்டாருக்கும் ஓட்டு இருந்தது வேறு வார்டில். அந்த ஒருவர் யாரோ!

அதே 2021-ல் நெல்லை மாவட்டம் சிவந்திபட்டி ஊராட்சித் தலைவராக ஜெயித்த பாட்டிக்கு வயது 90. 2019 தேர்தலில் கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டியில் தலைவரான கல்லூரி மாணவிக்கு வயது 21. இடைவெளி 69 வருடம்!

இப்போது உத்திரமேரூருக்கு வாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. வயது 1,100-க்கும் மேல்! ஊருக்கு 30 குடும்பு. நம் கணக்கில் 30 வார்டு. வேட்பாளர் வயது 35 முதல் 70-க்குள். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முந்தைய 3 வருடங்களில் பதவி வகித்தவர் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரா? அவருக்கு மட்டுமல்ல, அவர் உறவினர்களுக்கும் தடை!

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற நடுவர் எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்! விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்துவிடக் கூடாதே! வாங்கி உரக்க வாசித்த பிறகு, கூடியிருக்கும் நம்பிமாரும், அதாவது கோயில் அர்ச்சகர்களும், வாசிப்பார்கள். இப்படித் தேர்வாகும் 30 பேரில் ஏரி வாரியத்துக்கு மட்டும் 6 பேர். ஏரிக்கென்றே தனிக் குழு வைத்த ஊர்! பிராமணர்களின் சபை அது. பெண்களுக்கோ மற்ற சாதியாருக்கோ குடத்தில் ஓலை இல்லை.

இந்தக் காலத்துக் கதை ஒன்று, நெஞ்சைச் சுடுவது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட இந்த நான்கு ஊராட்சிகளில் 1996-ல் இருந்து முறையாகத் தேர்தல் நடத்தவே முடியவில்லை. சாதி குறுக்கே நின்றது. ஒருவழியாக 2006 அக்டோபரில் ஓட்டு விழுந்தது. ஒரு தேர்தலுக்கு 10 வருடம்!

சென்னை மாநகராட்சி பிறந்தது 1688-ல். முதல் பெண் மேயர் தாரா செரியன் வந்தது 1957-ல். 269 வருடக் காத்திருப்பு! 2022-ல் மேயரான ஆர்.பிரியாவுக்கு வயது 28.

ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவர். பெரியார் ஈரோடு நகராட்சித் தலைவர். இரண்டு பெரிய தலைகளும் நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவை!

நகர்ப்புறத் தேர்தலில் பட்டனை அழுத்தினீர்களா? அந்த இயந்திரத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த ரங்கராஜனுக்கு உண்டு. யார் அவர்? நம் எழுத்தாளர் சுஜாதா!

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது டெல்லியில் இருக்கும் தேர்தல் ஆணையம் அல்ல. மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால், சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் அதுவும் வார்டு வார்டாகப் பிரித்து எடுத்துக்கொள்ளும். ஒருமுறை பெயர் சேருங்கள், எல்லாத் தேர்தலுக்கும் ஆச்சு!

பையில் வாக்காளர் அட்டை பத்திரமாக இருக்கிறதா? சந்தோஷம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்த அட்டையை வைத்து ஓட்டுப் போட முடியாது! வீடு மாறியவர்களே, இன்றைக்கே பாருங்கள். படிவம் 8 உங்களுக்காகத்தான்.

புதிதாகச் சேர படிவம் 6. முன்பெல்லாம் ஜனவரி 1-ம் தேதி 18 முடிந்திருக்க வேண்டும். ஜனவரி 2-ல் பிறந்தவர் ஒரு வருடம் காத்திருந்தார்! இப்போது ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என மேலும் மூன்று வாய்ப்பு. 17 முடிந்ததுமே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்!

பொய்த் தகவல் கொடுத்துப் பெயர் சேர்த்தால்? ஒரு வருடம் வரை சிறை!

நாட்டின் முதல் பொதுத்தேர்தல், 1951-52. பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் அம்மா" என்றே சொன்னார்கள். பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று ஆணையம் உறுதியாக நின்றது. நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 28 லட்சம்!

தமிழ்நாட்டில் இன்று, உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 சதவீதம். சட்டம் வந்தது 2016-ல்!

விரலில் வைக்கும் மை தயாராவது மைசூரில். மகாராஜா 1937-ல் தொடங்கிய தொழிற்சாலை. 1962 தேர்தலில் இருந்து இந்தியாவுக்கே அங்கிருந்துதான் மை. வெளிநாடுகளுக்கும் போகிறது!

ஊராட்சிப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டதா? ஓட்டு மட்டுமா கிடைக்கும்? அந்த நிமிடமே நீங்கள் கிராம சபை உறுப்பினர்! தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கூட்டம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைக் கேட்கலாம், தெருவிளக்கைக் கேட்கலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். ஊரில் 500 பேர்தான் என்றால் 50 பேர் வந்தால் போதும். 10,000-க்கு மேலா? 300 பேர் வந்து உட்கார்ந்தால்தான் கூட்டமே செல்லும்!