உங்களுக்குத் தெரியுமா? எரிபொருள் விலையும் வீட்டுச் செலவும்

பெட்ரோல் பங்கில் கொடுக்கும் பணம் மட்டுமே எரிபொருள் செலவு அல்ல. காய்கறியிலும் டீயிலும் டிபனிலும்கூட அது சேர்ந்தே வருகிறது.

◆ தானியத்தை மிஞ்சும் பயணம்: மத்திய அரசின் 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களின் மாதச் செலவில் சுமார் 7.5 சதவீதம் போக்குவரத்துக்குப் போகிறது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு ஆவது 5 சதவீதத்துக்கும் குறைவு. நகரங்களில் போக்குவரத்துச் செலவு 8.5 சதவீதத்தையும் தாண்டுகிறது.

◆ காலை 6 மணி: பெட்ரோல், டீசல் விலையை எண்ணெய் நிறுவனங்கள் தினமும் காலை 6 மணிக்கு மாற்றியமைக்கும் முறை 2017 ஜூன் 16-இல் தொடங்கியது. அதற்கு முன் மாதம் இரு முறைதான் விலை மாறும்.

◆ பைக் கணக்கு: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு 20 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் மாதம் 200, வருடத்துக்கு 2,400 ரூபாய் கூடுதல். பிள்ளைகளின் நோட்டு, சீருடைச் செலவில்தான் அது கைவைக்கும்.

◆ ஜிஎஸ்டிக்கு வெளியே: பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மத்திய அரசு கலால் வரியும் மாநில அரசு விற்பனை வரியும் தனித்தனியே விதிக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2021 நவம்பர், 2022 மே ஆகிய இரு முறையும் சேர்த்து, மத்திய அரசு பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் குறைத்தது.

◆ சிலிண்டர் விலை: சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118.50 ரூபாய்க்கு விற்றது. 2023 ஆகஸ்டில் 200, 2024 மார்ச்சில் 100 ரூபாய் குறைந்து 818.50-க்கு வந்தது. 2025 ஏப்ரலில் மறுபடி 50 ரூபாய் ஏறியது.

◆ டீக்கடை சிலிண்டர்: வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஹோட்டல், டீக்கடைகளின் 19 கிலோ சிலிண்டருக்கு 18 சதவீதம். அந்தச் செலவு இட்லி, டீ விலையில் ஏறிவிடும். வெளியில் சாப்பிட்டே வேலை பார்க்கும் கூலித் தொழிலாளிதான் அதைத் தினமும் கொடுக்கிறார்.

◆ தக்காளியில் டீசல்: உழும் டிராக்டர், மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் கோயம்பேட்டுக்கு வரும் லாரி, அங்கிருந்து தெருக்கடைக்கு வரும் குட்டியானை எல்லாம் டீசலில் ஓடுகின்றன. சொந்த வண்டியே இல்லாத வீடும் டீசல் விலைக்குத் தப்பாது.

◆ கேட்க உரிமை உண்டு: சிலிண்டரை வீட்டில் கொண்டுவந்து தரும் கூலி பில் தொகையிலேயே அடக்கம். எடை போட்டுக் காட்டச் சொல்லலாம். காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர வேண்டும்.

◆ 888 ரூபாய்: தமிழகத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறுகிறது. எரிபொருள் விலை ஏறும்போது ஏழைக் குடும்பத்தைத் தாங்கிப்பிடிப்பது நேரத்துக்கு வரும் பஸ்தான். பஸ் இல்லாத ஊர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும்.