ஒரிஜினல் செயினா, ஆஃப்டர்மார்க்கெட் செயினா? வாட்ச் வாங்கியவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?

பழைய டைவர் வாட்ச் தோற்றத்தில் ஆசைப்பட்டு ஒரு வாட்ச் வாங்கிவிட்டீர்கள். டயல் பிடித்திருக்கிறது, முள் இருட்டில் ஒளிர்கிறது, எல்லாம் சரி. ஆனால் செயின் மட்டும் கையை ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடுகிறது. ஆன்லைனில் தேடினால், அதே மாடலுக்குக் கனமான, பளபளப்பான வேறு செயின்கள் வரிசைகட்டி நிற்கின்றன. 'கம்பெனி செயினை விட இது பெட்டர்' என்கிறார் விற்பவர். 'அதைக் கழற்றினால் வாட்சுக்கு மதிப்பே போச்சு' என்கிறார் ஆபீஸ் நண்பர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரே ஒரு வாட்சை எடுத்துக்கொள்வோம்.

ஏன் சீக்கோ?

ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த எஸ்கேஎக்ஸ்007, 200 மீட்டர் ஆழம் வரை தாங்கும் டைவர் வாட்ச். விலை அதிகமில்லை, சீக்கிரம் ரிப்பேர் ஆகாது. அதனாலேயே உலகம் முழுக்க ரசிகர்கள். அதன் தயாரிப்பு நின்றுபோன காலத்தில், 2019-ல், கிட்டத்தட்ட அதே உருவத்தில் 'சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ்' வரிசை வந்தது. அகலம் 42.5 மில்லிமீட்டர். செயின் மாட்டும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே இடைவெளி 22 மில்லிமீட்டர். (புதியது 100 மீட்டர்தான் தாங்கும். உருவம் ஒன்று என்பதற்காக நீச்சல் குளத்தைத் தாண்டி ஆழ்கடலுக்கு எடுத்துப் போக வேண்டாம்.)

எஸ்கேஎக்ஸ் வாட்சோடு வந்த 'ஜூபிலி' வகைச் செயின்தான் இந்த விவாதத்துக்கெல்லாம் மூல காரணம். ஒரு வரிசைக்கு ஐந்து துண்டுகள், நடுவில் அரிசி மணி போலச் சின்னச் சின்னக் கண்ணிகள். இந்த வடிவத்தை 1945-ல் டேட்ஜஸ்ட் வாட்சுக்காக அறிமுகப்படுத்தியது ரோலெக்ஸ். சீக்கோவின் ஜூபிலியில் கேஸோடு சேரும் முனைத்துண்டு மடித்த தகடு, உள்ளே வெற்றிடம். லாக்கும் தகட்டை அழுத்தி எடுத்ததுதான். கையில் எடுத்தால், 'இவ்வளவு லேசா?' என்று தோன்றும்.

ஆஃப்டர்மார்க்கெட் நிறுவனங்கள் புகுந்தது இந்த இடத்தில்தான். ஸ்ட்ராப்கோட், அங்கிள் சீக்கோ போன்றவை இதே வாட்சுக்குத் திட உலோக முனைத்துண்டு, கடைந்தெடுத்த லாக், திருகு போட்ட கண்ணிகள் என்று செய்து விற்கின்றன. அப்படியென்றால் ஆஃப்டர்மார்க்கெட்தானே ஜெயிக்கிறது? அவசரப்பட வேண்டாம்.

22 என்றால் எல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. பலரும் பணத்தை விடுவது இங்கேதான். 22 மி.மீ. என்பது இடைவெளி மட்டும். முனைத்துண்டின் வளைவு கேஸின் வளைவோடு ஒட்ட வேண்டும், அதைத் தாங்கும் ஸ்பிரிங் பார் ஓட்டை சரியான உயரத்தில் இருக்க வேண்டும். சீக்கோவிலேயே 'டர்டில்' என்று ரசிகர்கள் அழைக்கும் மாடலுக்கும் 22 மி.மீ.தான். ஆனால் எஸ்கேஎக்ஸ் செயினின் வளைந்த முனை அதில் உட்காராது.

தகட்டு முனைத்துண்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கொஞ்சம் வளைந்து கொடுக்கும். திடமான துண்டு வளையாது. அளவு ஒரு முடி அளவு கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் ஆடும். ஆடுகிற திட உலோகம் கொம்பின் உட்பக்கத்தைத் தினமும் தேய்த்துக்கொண்டே இருக்கும். செயினை மாற்றலாம், தேய்ந்த கேஸை என்ன செய்வது?

மாட்டிய பிறகு இரண்டு சோதனைகள் போதும். வாட்சை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முனைத்துண்டுக்கும் கேஸுக்கும் நடுவே ஒளி ஒரே சீராகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கேஸைப் பிடித்துக்கொண்டு முனைத்துண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லேசான அசைவு இருக்கலாம். 'டக் டக்' என்று இடித்தால் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது.

கை சிறியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில செயின்களில் முனைத்துண்டின் நடுப்பகுதி கேஸைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்கேஎக்ஸ் கேஸ் கொம்புக்குக் கொம்பு 46 மி.மீ. இருபுறமும் இந்த நீட்டல் சேர்ந்தால், ஒல்லியான மணிக்கட்டில் செயின் கீழே விழாமல் பக்கவாட்டில் பாலம் போல நிற்கும். போட்டோவில் இது தெரியவே தெரியாது.

வாட்ச் கீழே விழுவது எப்படி?

மொத்த வாட்சையும் தாங்குவது இரண்டு சின்ன ஸ்பிரிங் பார்கள். சாதாரண வாட்சுகளில் இவை ஒன்றரை, ஒன்றே முக்கால் மி.மீ. தடிமன் இருக்கும். எஸ்கேஎக்ஸ் போன்ற சீக்கோ டைவர்களில் இரண்டரை மி.மீ. தடித்த பார். சில வெளிச் செயின்களின் முனைத்துண்டில் இந்தத் தடித்த பார் நுழையாது. உடனே கடையில் கையில் கிடைத்த மெல்லிய பாரைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதன் முனை, அகலமான ஓட்டையில் லூசாக உட்கார்ந்திருக்கும். பைக்கில் போகும்போது ஒரு இடி, அவ்வளவுதான். செயின் வாங்கும்போதே 'ஃபேட் ஸ்பிரிங் பார் கூட வருமா?' என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்து கண்ணிகள். சீக்கோவின் பல செயின்களில் ஒரு கம்பியும், அதைப் பிடித்திருக்கும் பொடிக் குழாயும் இருக்கும். 'பின் அண்ட் காலர்' என்பது இதைத்தான். கண்ணி குறைக்கும்போது அந்தக் குழாய் எங்கோ தெறித்துப் போனால், கம்பி மட்டும் தற்சமயத்துக்கு நிற்கும். சில வாரத்தில் மெல்ல நழுவி வெளியே வரும். அதனால் செயின் குறைக்கக் கொடுத்தால், பக்கத்திலேயே நின்று, 'அண்ணே, குழாய் இருக்கா?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

வெளிச் செயின்களில் பெரும்பாலும் திருகு. வீட்டிலேயே சின்ன ஸ்க்ரூ டிரைவர் வைத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் திருகு தானாகவே லூசாகும். கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசையில் (நீல நிறத்தில் வருவது) ஒரு துளி வைத்து இறுக்குங்கள். சிவப்பு நிறப் பசை வேண்டாம். பிறகு கழற்றவே முடியாது.

கனம் என்றால் தரமா?

கனமாக இருந்தால் நல்ல சாமான் என்பது நம் ஊர் பாத்திரக் கடைக் கணக்கு. வாட்சுக்கு அது பாதிதான் பொருந்தும். திட ஸ்டீல் செயின் உறுதியானது, சத்தம் போடாது. ஆனால் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் உட்காருகிறவருக்கு மாலையில் மணிக்கட்டு வலிக்கும். கலகலக்கும் பழைய ஜூபிலியை இன்றும் பலர் விடாமல் கட்டுவதற்குக் காரணம், அது துணி போல வளைந்து கையில் படிவதுதான்.

பழைய பாணி வேண்டும் என்பவர்கள் செயின் லாக்கை நோக்கிக் குறுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் 2021 மாடலில் செயின் 20 மி.மீட்டரில் தொடங்கி 15 மி.மீட்டருக்கு இறங்குகிறது. அந்தக் கால அழகு வருவது இந்தக் குறுகலால்தான். கடைசிவரை ஒரே அகலத்தில் போகும் செயின் எந்தப் பழைய வாட்சையும் முரட்டு உருவமாக மாற்றிவிடும்.

லாக்கில் எத்தனை சிறு ஓட்டைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வெயிலில் மணிக்கட்டு வீங்கும், ஏசி அறையில் சுருங்கும். நம் ஊரில் ஒரே நாளில் இரண்டும் நடக்கும். ஓட்டை மாற்றி ஓரிரு மில்லிமீட்டர் சரிசெய்ய முடியாத லாக், எவ்வளவு பளபளத்தாலும் எரிச்சல்தான்.

கடைசியாக உலோகம். '316எல் ஸ்டீல்' என்று எல்லோரும் போடுகிறார்கள். அதிலும் 10 முதல் 14 சதவீதம் நிக்கல் உண்டு. நல்ல தரமென்றால் அது எளிதில் வெளியே கசியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று விதி இருக்கிறது. பேரே இல்லாத மலிவுச் செயினில் இதை யார் சோதித்திருப்பார்கள்? கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஆஃப்டர்மார்க்கெட் வேறு, போலி வேறு

தன் சொந்தப் பெயரில் ஒரு நிறுவனம் செயின் செய்து விற்பது நேர்மையான வியாபாரம். அதற்குப் பழைய மரியாதையும் உண்டு. அப்பல்லோ காலத்து நாசா விண்வெளி வீரர்கள் சிலர் தங்கள் ஒமேகாவில் மாட்டியிருந்தது ஜேபி சாம்பியன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வலைச் செயின். ஒமேகா செய்ததல்ல.

ஆனால் லாக்கில் 'சீக்கோ' என்றோ 'ஒமேகா' என்றோ பொறித்து, பாதி விலைக்கு வருவது போலி. பொய்யான வர்த்தக முத்திரையோடு பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டப்படி குற்றம். வாங்குபவருக்கும் நஷ்டம்தான். நாளை வாட்சை விற்கும்போது அந்த ஒரு லாக்கைப் பார்த்தால், உள்ளே இருக்கும் மெஷின் மேலேயே சந்தேகம் வரும்.

எப்போது கம்பெனி செயினே சரி?

கேஸும் செயினும் ஒரே உடம்பாக இருக்கும் வாட்சுகளில். 1978 வடிவத்தை மறுபடி கொண்டுவந்த டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் அந்த வகை. சாதாரண 20, 22 மி.மீ. செயின் எதுவும் அதில் மாட்டாது. வாட்சின் அழகில் பாதி அந்தச் செயின்தான்.

எஸ்கேஎக்ஸ் போலத் தயாரிப்பு நின்றுபோன வாட்ச் என்றால், கம்பெனி செயினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டுவது எதுவாக இருந்தாலும், விற்கும்போது முழு செட்டாகக் கேட்பார்கள். கழற்றிய செயின், எடுத்த கண்ணிகள், குழாய்கள், பார்கள் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு வாட்ச் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

தினமும் கட்டும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸுக்கு, பேர் தெரிந்த நிறுவனத்தின் திடமான செயின் வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆர்டர் செய்வதற்கு முன் வாட்சைத் திருப்பிப் பின்மூடியைப் பாருங்கள். எஸ்கேஎக்ஸ்007-ல் '7எஸ்26-0020' என்பது போல ஒரு எண் இருக்கும். முன்பாதி மெஷினுடையது, பின்பாதி கேஸுடையது. விற்பவருக்கு அந்த எண்ணை அனுப்பி, 'இந்தக் கேஸுக்கு முனைத்துண்டு பொருந்துமா, பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.