காட்டுப்பள்ளிக் கரையோரம் ஒரு சித்ரா பௌர்ணமி

கோடையில் கணவனும் மனைவியுமாகக் காரில் கடலோரம் சென்றுவர விரும்பும் சென்னைவாசிகள் பெரும்பாலும் தெற்கு நோக்கியே புறப்படுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம், புதுச்சேரி என்பது பழகிய தடம். வடக்கே ராயபுரத்தைக் கடந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், காட்டுப்பள்ளி என நீளும் கரையைக் கோடைப் பயணத்துக்கு உரியதாக எவரும் எண்ணுவதில்லை. சரக்குப் பெட்டக லாரிகளும் புகைபோக்கிகளுமே அங்கு உண்டு என்பது பொதுவான எண்ணம்.

ஆனால் அன்னை பராசக்தி இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று சக்திகளாக எழுந்தருளியிருக்கும் ஆலயங்களைத் தரிசிக்க நினைப்போர் இந்த வடகரைக்குத்தான் வர வேண்டும். மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன் இச்சா சக்தி. திருவொற்றியூரில் வடிவுடையம்மன் ஞான சக்தி. வட திருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் கிரியா சக்தி. பௌர்ணமி நாளில் காலையில் மேலூர், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர், மாலையில் திருமுல்லைவாயில் என ஒரே பகலில் மூவரையும் தரிசிப்பது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அந்தப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் அமைந்தால் கூட்டம் பன்மடங்காகும்.

சென்ற சித்ரா பௌர்ணமியன்று நானும் என் துணைவியாரும் இந்த யாத்திரையை மேற்கொண்டோம். மேலூருக்கும் திருவொற்றியூருக்கும் இடையே கிடைக்கும் முற்பகல் நேரத்தில் காட்டுப்பள்ளிக் கடற்கரையையும் பார்த்துவிடுவது என்பது அவருடைய விருப்பம். கத்திவாக்கத்தில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தையார் அத்திப்பட்டு உப்பளம் ஒன்றில் கணக்கெழுதியவர். சென்ற ஆண்டு என் துணைவியாருக்குக் கண் நீரழுத்த நோய் கண்டறியப்பட்டது. மருந்தால் கட்டுக்குள் இருந்தாலும், இழந்த பார்வை மீளாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். “நல்லாத் தெரியிறப்பவே அந்தக் கரையை ஒரு தடவை பார்த்துடணுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேலூரில் விருப்பம்

விடியற்காலையில் ராயபுரத்திலிருந்து கிளம்பி மணலி வழியாக மீஞ்சூர்ச் சாலையைப் பிடித்தோம். லாரிகளின் நெரிசல் மிகுந்த தடம் இது. கதிரவன் எழுமுன் கடந்துவிடுவது நல்லது.

மூன்று அம்பிகையரையும் ஒரே சிற்பி வடித்ததாகச் செவிவழி வரலாறு கூறுகிறது. அம்மன் திருவுருவம் சமைப்பதற்காகக் கொண்டுவந்த பாறை உருண்டு மூன்று துண்டாகியது. மனமுடைந்து உயிர்விடத் துணிந்த சிற்பியின்முன் தேவி தோன்றி, மூன்று துண்டுகளிலும் மூன்று வடிவங்களைச் செய் என்று பணித்தாளாம். உடைந்ததை வைத்தே தொடங்கு என்று அன்னை சொல்லிய அந்தக் கதை, யாத்திரையின் இறுதிவரை எங்களுடன் வந்தது.

மேலூரில் திருவுடையம்மன் சந்நிதியில் பெண்கள் கூட்டம் நிறைந்திருந்தது. மணப்பேறு, மகப்பேறு, மகனின் வேலை என அவரவர் விருப்பத்தை அன்னையிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். இச்சா சக்தியின் சந்நிதியில் ஆசைப்படுவது குற்றமில்லை. எந்த நற்செயலும் ஒரு விருப்பத்தில்தானே வேர்கொள்கிறது!

காட்டுப்பள்ளியில் ஒரு பேரேடு

மீஞ்சூரிலிருந்து கிழக்கே காட்டுப்பள்ளிக்குச் சாலை செல்கிறது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கழிமுக நீர்ப்பரப்பும் பக்கிங்ஹாம் கால்வாயும், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு ஏரி என நாற்புறமும் நீர் சூழ்ந்த மணல்திட்டே காட்டுப்பள்ளி. புயலின் வேகத்தையும் அலையின் சீற்றத்தையும் முதலில் தான் தாங்கி, உள்நிலத்தைக் காக்கும் அரண் அது.

துறைமுகத்தின் நீண்ட மதிலைக் கடந்து வடக்கே சென்றபோதுதான் கடல் தெரிந்தது. ஒருபுறம் நீலம், மறுபுறம் அலையாத்திச் செடிகள் ஓரமிட்ட பச்சைநிற உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவே மணல் ஏறிய சாலை. கடல் பொங்கும் நாட்களில் இந்தச் சாலையையே மணல் மூடிவிடும். என் துணைவியார் காரை விட்டிறங்கி, கையை நெற்றிக்குக் குடையாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “உப்புக் குவியல் எல்லாம் அந்தப் பக்கம் வெள்ளை வெளேர்னு தெரியும். அப்பா தூரத்திலிருந்தே எண்ணிடுவார்” என்றார்.

சித்ரா பௌர்ணமி, எமதருமனின் கணக்கரான சித்திரகுப்தருக்கு உரிய நாள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனி ஆலயமே இருக்கிறது. ஏடும் எழுத்தாணியும் ஏந்தி, ஒவ்வோர் உயிரின் நன்மை தீமைகளையும் பதிகிறவர் அவர். வாழ்நாள் முழுதும் வங்கிப் பேரேடுகளோடு பழகிய எனக்கு, அன்று அந்தக் கரையில் நின்றபோது பற்றும் வரவுமாகவே எண்ணங்கள் எழுந்தன.

இந்தக் கரையிடமிருந்து சென்னை பெற்ற வரவைப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களிலிருந்து மின்சாரம் தருகிறது. எண்ணூரில் 2001-இல் தொடங்கப்பட்ட பெருந்துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வரை கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் உடையது. 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் சரக்கைக் கையாளத் தொடங்கியது. நம் பூஜையறை விளக்கிலும், நைவேத்தியம் சமைக்கும் நீரிலும் காட்டுப்பள்ளியின் பங்கு இருக்கக்கூடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. துறைமுகத்துக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் இடம்விட்டு, காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்த கரையிலிருந்து பெயர்ந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்தது. 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய் எண்ணூர், திருவொற்றியூர்க் கரைகளில் ஒதுங்கியபோது, மக்கள் வாளிகளில் அள்ளி அகற்றினார்கள். 2023 டிசம்பர் பெருமழையின்போது எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோடு கலந்து முகத்துவாரம் வரை பரவி, வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. வரவை வைத்துக்கொண்டவர்கள் ஓர் ஊர்க்காரர்களாகவும், பற்று எழுதப்பட்டவர்கள் வேறோர் ஊர்க்காரர்களாகவும் இருக்கும் கணக்கு இது.

ஆறும் கடலும் சந்திக்கும் இடம்

திரும்பும்போது அத்திப்பட்டுப் புதுநகர் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தைக் கடந்து எண்ணூரை அடைந்தோம். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னைப் பட்டணத்துத் துரைமார்கள் காற்று வாங்க எண்ணூருக்குப் படகில் வந்து தங்குவார்களாம். பாசில் காக்ரேன் என்பவர் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்தான், 1876–78 பஞ்சக் காலத்து நிவாரணப் பணிகளால் நீட்டிக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரால் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று.

முகத்துவாரத்தின் அருகே நிழலில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தோம். இப்போது என்ன கிடைக்கிறது என்று கேட்டேன்.

“ஆறும் கடலும் ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கினாத்தான் எறா வரும் சார். வாயில மண்ணு அடைச்சுதுன்னா ஒண்ணும் இல்ல. தூர்வாரினா கொஞ்ச நாளு நல்லா இருக்கும். அப்பால திரும்ப மூடிக்கும்” என்றார். என் துணைவியாரைப் பார்த்து, “நீ கத்திவாக்கத்துப் பொண்ணாம்மா? அப்ப உனக்கே தெரியுமே” என்று சிரித்தார்.

ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீரில்தான் இறால் குஞ்சுகள் வளர்கின்றன. அந்தக் கலப்பு நின்றால் வளர்ச்சியும் நிற்கும். அவர் சொன்னதில் அறிவியலும் இல்லறமும் ஒருங்கே இருந்தன.

திருவொற்றியூரில் ஞானம்

நடை சாத்துமுன் திருவொற்றியூர் வந்து சேர்ந்தோம். ஆதிபுரீஸ்வரர் சுயம்புத் திருமேனி ஆண்டு முழுதும் கவசத்துக்குள் மறைந்திருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றித் தரிசிக்கலாம். வடிவுடையம்மன்மீது வள்ளலார் 101 பாடல்களில் ‘வடிவுடை மாணிக்கமாலை’ சூட்டினார். வீணை குப்பய்யர் அழைக்க இங்கு வந்த தியாகராஜ சுவாமிகள் அன்னையைப் போற்றி ஐந்து கிருதிகள் இயற்றினார். அவை ‘திருவொற்றியூர் பஞ்சரத்னம்’ எனப் போற்றப்படுகின்றன.

தம்பதியராக வருவோர் இங்குள்ள மகிழமரத்தடியில் சற்று நிற்க வேண்டும். பெரியபுராணம் கூறும் சுந்தரர் – சங்கிலியார் திருமணத்தின் சபதம் நிகழ்ந்த இடம் அது. உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய நேருமே என அஞ்சிய சுந்தரர், அந்த நேரத்தில் மகிழின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனிடமே வேண்டிக்கொண்டார். தோழனுக்கு இசைந்த இறைவன், சங்கிலியார் கனவிலும் தோன்றி, மகிழடியிலேயே சபதம் கேள் என்று உணர்த்தினான். வேறுவழியின்றி அங்கேயே சூளுரைத்த சுந்தரர், வசந்தம் வந்ததும் திருவாரூர் நினைவு மேலிட, ஊரெல்லையைத் தாண்டினார். அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன. கொடுத்த வாக்கை அறிந்தே கடப்பவனுக்கு முன்னிருக்கும் வழி தெரியாமற் போகும் என்பதே இதன் ஞானம். அன்பின் தோழனுக்கும் அதில் சலுகை இல்லை.

தண்டித்தவனே துணையும் செய்தான். திருவெண்பாக்கத்தில் சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் ஒளிபெற்றன. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் உருவானபோது திருவெண்பாக்கத்துப் பழைய ஆலயம் நீருக்குள் போக, இறைவன் கரையில் புதிய ஆலயத்தில் எழுந்தருளினான். பூண்டி கொசஸ்தலை ஆற்றில் அமைந்த அணை. சங்கிலியார் பிறந்த ஞாயிறு என்னும் ஊரும் அதே ஆற்றுக்கு அணித்தே உள்ளது. ஊன்றுகோல் அருளிய தலத்தையும், சங்கிலியாரின் பிறந்தகத்தையும் கடந்துவரும் அந்த ஆறுதான் காட்டுப்பள்ளியின் தென்முனையில் கடலைச் சேர்கிறது. அந்த முதியவர் காத்திருக்கும் நீர் அது.

பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன். “பார்வை இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். குறைஞ்சா ஊன்றுகோலும் அவரே கொடுப்பாரில்லையா, அதைத்தான் கேட்டேன்” என்றார் என் துணைவியார்.

திருமுல்லைவாயிலில் செயல்

மாலையில் மாதவரம், அம்பத்தூர் வழியாகத் திருமுல்லைவாயிலை அடைந்தோம். பார்வையிழந்த சுந்தரர் திருவொற்றியூரிலிருந்து முதலில் சென்றதும் இங்குதான். சங்கிலியார்பொருட்டுக் கண் போனதைத் தம் பதிகத்திலேயே சொல்லி அவர் முறையிட்ட தலம் இது.

முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்ற, தொண்டைமான் வாளால் வெட்டியபோது இறைவன் திருமேனியில் பட்டதாகத் தலவரலாறு. அதனால் மாசிலாமணீஸ்வரர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் இருக்கிறார். சித்திரைச் சதயத்தை ஒட்டியே காப்பு களையப்படுகிறது. பகைவரை வென்ற நினைவாகத் தொண்டைமான் கொணர்ந்த எருக்கந்தூண்கள் சந்நிதியின்முன் நிற்கின்றன. எல்லாவற்றிலும் வியப்பு நந்திதேவர். வழக்கம்போல் இறைவனை நோக்கியிராமல், தொண்டைமானுக்குத் துணையாகப் போர்க்களம் புறப்படும் கோலத்தில் வெளிப்புறம் திரும்பியிருக்கிறார். கிரியா சக்தியின் தலத்துக்கு இதைவிடப் பொருத்தமான திருக்கோலம் வேறு உண்டோ! சந்நிதியில் பெற்ற அருள் வெளியே சென்று செயலாக வேண்டும் என்று அவர் நமக்குக் காட்டுகிறார்.

நம் ஆறும் கடலும் நன்றாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறோம், அது இச்சை. என்ன குறை நேர்ந்தது என்பதும் தெரியும், அது ஞானம். மூன்றாவது அம்பிகையின் பங்குதான் நம்மிடம் நிலுவையில் உள்ளது. பூஜை முடிந்த மலர்களைப் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் எறியாதிருப்பது, கடலிலிருந்து பிரித்தெடுத்த நீர் என்று எண்ணிக் குழாயை அளவாகத் திறப்பது, பெருந்திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது அதைக் கரையோர மக்களின் தனிக்கவலை என்று விட்டுவிடாமல் நேரில் சென்றோ எழுதியோ நம் கருத்தைப் பதிவு செய்வது ஆகிய யாவும் கிரியையே. சித்திரகுப்தரின் ஏட்டில் இவையும் ஏறும்.

இக்கோடையில் யாத்திரை செல்லும் தம்பதியருக்குச் சில குறிப்புகள். விடியுமுன் கிளம்புங்கள். காட்டுப்பள்ளிப் பகுதியில் உணவகங்கள் அரிது. கட்டுச்சாதமும் குடிநீரும் குடையும் கையில் இருக்கட்டும். பெட்டக லாரிகளை முந்த முயல வேண்டாம். கடல் சீற்றமாக உள்ள நாட்களில் கரையோரச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். கொண்டுசென்ற குப்பையை வீட்டுக்கே திரும்பக் கொண்டுவாருங்கள். எண்ணூர்ப் பாலத்தருகே ஐந்து நிமிடம் வண்டியை ஓரங்கட்டி, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் ஒரு கும்பிடு. மூடியிருந்தால் ஒரு பிரார்த்தனை.

மூன்று அம்பிகையரும் எல்லா இல்லங்களுக்கும் நலம் அருள்வார்களாக.