வாடைக்காற்றும் வீட்டுக் கணினியும்

திருகோணமலைக்கு வருடத்தில் இரண்டு காற்று. மே மாதமளவில் தரைப்பக்கமிருந்து கச்சான் கிளம்பும். சூடும் தூசும் அதோடு வரும். மாரி பிறந்ததும் காற்று திசைமாறி, வங்கக் கடலின் ஈரத்தையும் உப்பையும் சுமந்துகொண்டு வாடையாக வீசும். மேசைக்குக் கீழே இருக்கும் கணினி இரண்டையும் சுவாசிக்கிறது. அதன் விசிறி அறைக் காற்றை உள்ளே இழுத்துத்தான் சூட்டை வெளியே தள்ளவேண்டும். கச்சான் காலத்தில் உள்ளே படிந்த தூசின்மேல் வாடைக் காலத்து உப்பு வந்து அமர்கிறது.

“தம்பி, கொம்பியூட்டர் பழசாப் போச்சு, புதுசு ஒண்டு பாக்கவேணும்” என்று சொந்தக்காரர் சொல்லும்போது, அந்தப் பெட்டிக்கு வயது காரணமாக இருப்பது குறைவு. சிலிக்கன் சில்லு பத்துப் பதினைந்து வருடம் உழைக்கக் கூடியது. கெடுவதெல்லாம் அதைச் சுற்றியுள்ளவை: இணைப்பு முனைகள், ஹார்ட் டிஸ்க், விசிறி, மின்வழங்கி. இவை எல்லாம் மாற்றக்கூடியவை. குடும்பத்துக்கு உதவி செய்கிறவருக்கு இந்த ஒன்று தெளிந்துவிட்டால் வீண்செலவு பாதி நின்றுவிடும்.

உப்பிலிருந்து தொடங்குவோம். மாரியில் குசினி உப்புச் சாடி நீர்விடுவதை எல்லோரும் கண்டிருக்கிறோம். காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கோ 33 வீதமே போதும். இன்னொரு சங்கதியும் உண்டு. ஒருமுறை கரைந்த நுண்துளி, காற்று 75 வீதத்துக்குக் கீழே உலர்ந்ததும் உடனே காய்ந்துவிடாது. ஏறத்தாழ 45 வீதம் வரை இறங்கினால்தான் மறுபடி பளிங்காகும். நம் கரையோர இரவுகளில் காற்று அந்த அளவுக்கு உலர்வது அரிது. ஆகவே மதர்போர்டில் ஒட்டிய உப்புத்தூசு, இரவு முழுக்க மின்கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகவே கிடக்கிறது.

அலை உடையும்போது வெடிக்கும் குமிழிகள்தான் இந்த உப்பைக் காற்றில் ஏற்றுகின்றன. கனமான துளிகள் கரையிலிருந்து சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். ஒருபுறம் உள்துறைமுகமும் மறுபுறம் திறந்த கடலுமாக ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர் இது. டச்சு விரிகுடாவைப் பார்த்த வீட்டுக் கணினிக்கும் தம்பலகாமத்து வயலோர வீட்டுக் கணினிக்கும் ஆயுள் ஒன்றாக இருக்காது.

கடற்படைகள் இதை எப்போதோ படித்துக்கொண்டன. 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கடற்படை திருகோணமலையை மறுபடி தளமாக்கியது. இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலக் களங்களுக்குப் போன வானொலிக் கருவிகளை ஈரமும் பூஞ்சணமும் தின்றன. உட்பாகங்களுக்குக் காப்பு வார்னிஷ் பூசி அனுப்பும் வழக்கம் அப்போதுதான் பரவியது. இன்றும் கப்பல் கருவிகளின் மின்சுற்றுப் பலகைகளுக்கு அத்தகைய பூச்சு உண்டு. வீட்டுக் கணினிக்கு அது இல்லை. பச்சைப் பலகையின்மேல் உள்ள படலம் செப்புக் கோடுகளை மூடினாலும், பொருத்து முனைகள் வெறுமையாகவே இருக்கும்.

பெட்டியைத் திறந்து, ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் முனைகளை அழிறப்பரால் தேய்த்துப் போட்டதும் இருண்ட திரை உயிர்பெறுவது இதனால்தான். இது கைராசி அல்ல. அந்த முனைகளின் தங்க முலாம் ஒரு மைக்ரோமீற்றரிலும் மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே கீழிருக்கும் நிக்கலும் செம்பும் அரிப்புண்டு மேலே கசியும். அந்தக் கறையைத்தான் றப்பர் எடுக்கிறது. ஆனால் தேய்க்கத் தேய்க்கத் தங்கமும் போகும் என்பதால் வெள்ளை றப்பரால் மெதுவாக ஒரு தடவை தேய்த்தால் போதும். பிறகு ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

தூசு படும் என்று கணினியைப் பொலித்தீனால் மூடி மாதக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கரையோரத்தில் அது கேடு. 30 பாகை சூட்டில் 80 வீத ஈரப்பதனுள்ள காற்று 40 பாகைக்குச் சூடானால், அதன் ஈரப்பதன் 46 வீதமளவுக்கு இறங்கிவிடும். இயங்கும் கணினி தன்னைத்தானே உலர்த்திக்கொள்கிறது. பூட்டிவைத்த கணினிதான் நனைகிறது. மாரியில் தினமும் சிறிது நேரம் போட்டு விடுங்கள்.

இனி “சிலோ” என்ற முறைப்பாடு. எதையும் வாங்குமுன் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறதா, மெமரி நிரம்பிவழிகிறதா? பெரும்பாலும் டிஸ்க்தான். ஹார்ட் டிஸ்க்கில் காந்தத் தட்டொன்று நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கிறது. ஒரு சிறு கோப்பை எடுக்க வாசிப்புத் தலை நகர்ந்து, தட்டும் உரிய இடத்துக்குச் சுழன்று வரவேண்டும். இதற்குப் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் பிடிக்கும். செக்கனுக்கு நூறு வாசிப்புக்கூடத் தேறாது. விண்டோஸ் எழும்பும்போது அங்கங்கே சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. கணினியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்துவர வேண்டியிருப்பது அதனால்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டியில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. தோஷிபா பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம், எலெக்ட்ரன்களை நுண்ணிய சிறைகளில் அடைத்துத் தகவலை வைத்திருக்கிறது. ஒரு வாசிப்புக்கு 0.1 மில்லிசெக்கனளவே போகும். பத்து வருடப் பழைய மேசைக்கணினிக்கு இந்த ஒரு மாற்றம் தரும் வேகத்தைப் புதிய செயலியாலும் தரமுடியாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் இதற்கே போடுங்கள்.

ராம் 4 ஜிபியாக இருந்தால் 8 ஆக்கலாம். டிடிஆர்3 பலகையில் டிடிஆர்4 ஏறாது, வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கும். பழைய ராமைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டி வாங்குவது நல்லது.

பெட்டியில் கைபட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்பார்கள் சிலர். மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்டும் இரு சிறு கொள்ளளவிகள் இருக்கும். ஒன்று உயிர்க்கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையிலும், மற்றது நடுநிலைக் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையிலும். ஏர்த் இல்லாவிட்டால் பெட்டி நடுவில் தொங்கிப்போகும். 230 வோல்ற்றில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ற், அதன்மேல் நிற்கும். பாயும் மின்னோட்டம் மில்லிஅம்பியரிலும் சிறியது, அதனால் உயிராபத்து இல்லை. ஆனால் வீட்டில் ஏர்த் அறுந்திருக்கிறது, அல்லது இரண்டு முள் அடப்டரில் மூன்று முள் பிளக்கைச் செருகியிருக்கிறார்கள் என்பதை அது அறிவித்துவிடுகிறது. அதே வீட்டில் குளிர்சாதனப் பெட்டியோ மின்கேத்தலோ உள்ளே கசிந்தால் உயிரே போகலாம். கணினிக்காக வந்தவர் அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொல்லவேண்டும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி ரவுட்டருக்குப் போகிறதென்றால் அதையும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் பிளக் சுவரில்தானே இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நடந்ததே, எழுதிக்கொண்டிருந்த கோப்போடு அணைந்த கணினிகளுக்கு அது பெரிய சோதனை. சின்ன யூபிஎஸ் ஒன்று ஐந்து நிமிடம் தந்தாலும் ஒழுங்காக மூடிவிடலாம். அதே வருடத்தில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியது. பழையதைத் திருத்திப் பாவிப்பதன் அருமை அப்போது வீட்டுக்கு வீடு தெரிந்தது.

வங்கித் தளம் திறக்குதில்லை, “பாதுகாப்பில்லை” என்று வருகுது என்றால் முதலில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள 3 வோல்ற் நாணய பற்றரி, சிஆர்2032, தீர்ந்திருந்தால் கணினி பல வருடம் பின்னே போயிருக்கும். இணையத்தளச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதி உண்டு. அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை என்று கணினி நம்பும்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. நம் வீடுகளில் ஓடுவது பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட, பாவித்த பெட்டிகள். அவற்றில் பல அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்பவை. உடலில் குறையில்லாத கணினியை ஒரு திகதி கிழவனாக்கிவிட்டது, இது எனக்கு ஒப்பாத விடயம். மேலதிகப் பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை தவணை உண்டு. அதற்குப்பிறகும் பாவிக்க லினக்ஸ் மின்ட் நல்ல வழி. பேப்பர் வாசிக்க, பேரப்பிள்ளையோடு பேச, கடிதம் அடிக்க அது தாராளம்.

மாற்றும்போது ஒன்று கவனம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வைரஸ் என்று அழித்தவர்கள் உண்டு. பாமினி, ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குமேல் தமிழ் உருவங்களை ஏற்றியது. அதில் ‘அ’ உண்மையில் ஆங்கில ‘எம்’. எழுத்துருவை நிறுவினால் கோப்பு வாசிக்கும்படி வரும். அதோடு நிற்காமல் யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள். சங்கக் கூட்டக் குறிப்பு, கோவில் கணக்கு, அம்மாவின் கடிதம் என்று எத்தனையோ அந்த வடிவில் கிடக்கின்றன.

இப்போது உதவுகிறவர் ரொறன்ரோவில் இருக்கலாம், கேட்கிறவர் உப்புவெளியில் இருக்கலாம். “என்னவோ வருகுது” என்பதை வைத்து ஒன்றும் செய்யமுடியாது. வட்ஸ்அப்பில் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனிடெஸ்க் போன்ற செயலியால் தூரத்திலிருந்தே திருத்தலாம், ஆனால் அதே செயலியைத்தான் வங்கியிலிருந்து பேசுவதாக நடிக்கும் மோசடிக்காரரும் கேட்பார்கள். அழைப்பைத் தொடங்குவது எப்போதும் நம் வீட்டாராக இருக்கவேண்டும். அழைப்பில் வருகிற எவருக்கும் அந்தச் செயலி காட்டும் எண்ணைச் சொல்லக்கூடாது.

எந்தத் திருத்தத்துக்கும் முன் செய்யவேண்டிய வேலை பிரதி எடுப்பது. 2004 டிசெம்பர் 26 சுனாமியில் கடல் இந்தக் கரைகளிலிருந்து அல்பங்களையும் கொண்டுபோனது. 2006இல் போரினால் மூதூரிலிருந்து மக்கள் உடுத்த உடையோடு ஓடினார்கள். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம், கலியாணப் படம் இல்லாமல் பின்னர் பட்ட பாடு அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். இன்று அவையெல்லாம் ஸ்கேன் ஆகி ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று ஊருக்கு வெளியே, கொழும்பிலோ கனடாவிலோ உள்ள உறவினரிடம். நீண்டநாள் வைக்க எஸ்எஸ்டியை நம்பாதீர்கள். மின்சாரம் இல்லாமல் சூட்டில் கிடந்தால் அடைபட்ட எலெக்ட்ரன்கள் மெல்லக் கசியும், பாவித்துத் தேய்ந்த எஸ்எஸ்டியில் இன்னும் வேகமாக. கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் பிழையின்றி இருந்தால், யூஎஸ்பி உறையில் போட்டு அந்த வேலைக்கு வைக்கலாம். ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில் மூடி, சில மாதத்துக்கு ஒருமுறை கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.