நாற்காலிக்குக் கொடுத்த அதிகாரம்

கெடா மாநிலத்தின் செர்டாங்கில் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். கூலிம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "நல்ல தலைவர் ஒருத்தர் கிடைச்சிட்டா எல்லா அதிகாரத்தையும் அவர் கையில கொடுத்திட வேண்டியதுதானே அண்ணே? ஆளாளுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தா நாடு எப்ப முன்னேறும்?"

கெடாக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் நான்காம் பிரதமர் டாக்டர் மகாதீரும் அலோர் ஸ்டாரில் பிறந்தவர்கள். தம்பி மனத்தில் இருந்தவர் மகாதீர். 1981 முதல் 2003 வரை, 22 ஆண்டுகள் பிரதமராக இருந்தவர். அவரை வைத்தே பேசிப் பார்ப்போம்.

அவர் காலத்தில் நடந்த வேலைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1985-இல் பினாங்குப் பாலம் திறந்தது. அதுவரை தீவுக்குக் காரில் போக பட்டர்வொர்த்தில் பெர்ரிக்கு வரிசை பிடிக்க வேண்டும். அதே ஆண்டில் முதல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையானது. தோட்டத்துப் பிள்ளைகள் அந்தச் சாலை வழியாகத்தான் கோலாலம்பூருக்கு வேலை தேடிப் போனார்கள்.

இனி அதிகாரத்தின் கதையைப் பார்ப்போம். 1987 ஏப்ரலில் ஆளுங்கட்சியான அம்னோவின் தலைவர் தேர்தலில் தெங்கு ரசாலியை 761-க்கு 718 என்ற கணக்கில், வெறும் 43 வாக்குகளில்தான் மகாதீர் வென்றார். தோற்ற அணியினர் நீதிமன்றம் போனார்கள். அக்டோபரில் லாலாங் நடவடிக்கை வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் பிடித்து அடைத்தார்கள். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனது. அடைபட்டவர்களில் கர்பால் சிங்கும் ஒருவர். 1974-இல் அலோர் ஸ்டார் சட்டமன்றத் தொகுதியில் ஜெயித்த வழக்கறிஞர் அவர். 1988 மார்ச் 9-ஆம் தேதி ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைக்கே, சில மணி நேரத்தில், மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அந்த மாதமே நாடாளுமன்றத்தில் அரசியலமைப்பின் 121-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். நாட்டின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் இருக்கிறது என்று அதுவரை அதில் எழுதியிருந்தது. அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, நாடாளுமன்றச் சட்டம் எவ்வளவு அதிகாரம் தருகிறதோ அவ்வளவுதான் நீதிமன்றத்துக்கு என்று மாற்றினார்கள். கூடவே 1ஏ என்று ஒரு உட்பிரிவையும் சேர்த்தார்கள்: ஷரியா நீதிமன்றத்தின் வரம்புக்குள் இருக்கும் விஷயங்களில் சிவில் உயர் நீதிமன்றங்கள் தலையிட முடியாது. அடுத்து, நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸை இடைநீக்கம் செய்து, ஆகஸ்டில் பதவியிலிருந்தே நீக்கினார்கள். பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரின் பதவியும் போனது.

"அதெல்லாம் மேலிடத்துச் சண்டை, நமக்கென்ன?" என்று அன்றைக்கு நம்மவர்களில் பலர் நினைத்திருப்பார்கள். ஈப்போவில் பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை எண்ணிப் பாருங்கள். 2009-இல் அவருடைய கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாறினார். தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். அந்தத் தாய் நீதிமன்றப் படி ஏறியபோது வழியை மறித்து நின்றது அந்த 1ஏ உட்பிரிவுதான். இது சிவில் நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018 ஜனவரி 29-ஆம் தேதிதான் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது. என்ன திருத்தம் வந்தாலும் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம்தான் இருக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. 1988-இல் கைவைத்த ஒரு பிரிவுக்கு, ஒரு தமிழ்த் தாய் ஒன்பது ஆண்டு விலை கொடுத்தார்.

இதைத்தான் தம்பியிடம் நிதானமாகச் சொன்னேன். அதிகாரத்தை நாம் ஒரு மனிதருக்குக் கொடுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போகிறது. அவர் எழுந்து போகும்போது அதை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போவதில்லை.

2001-இல் மகாதீர் நிதியமைச்சையும் தானே வைத்துக்கொண்டார். பின்னால் வந்த அப்துல்லா படாவியும் நஜிப்பும் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். நம் ஊர்க் கோயிலில் காசோலைக்குத் தலைவர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோமே, ஏன்? தலைவர் திருடர் என்றா? இல்லை, நாளை யார் தலைவராக வந்தாலும் கோயில் பணம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக. நாட்டில் இரண்டு கையெழுத்தும் ஒரே கைக்குப் போனது. பிறகு அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் ஊழல் விவகாரம் வெடித்தது. 2015 ஜூலையில், அந்த விவகாரத்தை விசாரித்துக்கொண்டிருந்த சட்டத்துறைத் தலைவரையும் கேள்வி கேட்ட துணைப் பிரதமரையும் நஜிப் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார். அப்படி அனுப்ப முடிகிற அளவுக்கு அந்த நாற்காலி ஏற்கெனவே பலமாகியிருந்தது. அதை எதிர்த்துத் தம் 92-ஆம் வயதில் ஊர் ஊராகப் பேச வந்தவரும் மகாதீரேதான். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் எதிர்த்து நின்ற சுவரில் அவரே அடுக்கிய செங்கற்களும் இருந்தன.

தம்பி விடவில்லை. "கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தா பாலமும் ரோடும் வந்திருக்குமா?"

வந்தனவே! பாலம் திறந்தபோதும் சாகா ஓடியபோதும் 121-ஆம் பிரிவு பழையபடிதான் இருந்தது. நெடுஞ்சாலைக் கதை இன்னும் தெளிவானது. 1987 ஆகஸ்டில், யுஇஎம் நிறுவனத்துக்கு அந்தக் குத்தகையைக் கொடுப்பதை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையே வாங்கிவிட்டார். அம்னோவோடு தொடர்புள்ள கம்பெனிக்கு ஏன் என்பதுதான் அவர் கேள்வி. சில மாதங்கள் கழித்து மூன்றுக்கு இரண்டு என்று நீதிபதிகள் பிரிந்து தடை விலகியது. 1994-இல் சாலை முடிந்தது. கேள்வி சில மாதங்களை எடுத்துக்கொண்டது. சாலை இன்றும் இருக்கிறது.

ஆகவே பெரிய தலைவருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டால், வேலை செய்யத் தேவையானதைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். திட்டம் போடட்டும், அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கட்டும், வரவுசெலவை மன்றத்துக்குக் கொண்டுவரட்டும். தன்னை விசாரிக்கக்கூடியவரை நீக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இருக்கக் கூடாது. நீதிபதி, சட்டத்துறைத் தலைவர், ஊழல் தடுப்பு அதிகாரி, பத்திரிகை உரிமம் ஆகிய நான்கும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அதோடு பதவிக்கு ஒரு தேதியும் வேண்டும். செர்டாங்கிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் பினாங்கு எல்லை. அந்த மாநிலச் சட்டமன்றம் 2018-இல் முதல்வர் பதவிக்கு இரண்டு தவணை என்று வரம்பு போட்டது. கெடா மந்திரி புசாருக்கும் அதே வரம்பு வேண்டும் என்று நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். யார் ஆட்சியில் இருந்தாலும், நமக்குப் பிடித்தவர் அந்த நாற்காலியில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.